ஆடு எங்கே என்று கேட்ட கல்யாணம்

பாக் மானாப்புக்குப் பக்கவாதம் வந்தபோது அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் மத்தியானம். தொலைக்காட்சியில் 'பொத்தல் கொம்பாங்' என்ற பழைய மலாய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் வரும் மாமனார் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டே பேசுவார். ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்தக் காட்சி வரும்போது பாக் மானாப் எழுந்து நின்று அதேபோல் வாயைக் கோணிக் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். பேரப்பிள்ளைகள் அதற்காகவே கூடத்தில் காத்திருப்பார்கள். அந்த வருடமும் காட்சி வந்தது. அவர் எழுந்தார். வாய் கோணியது.

"இந்த வருஷம் ரொம்பப் பிரமாதமா வந்திருக்கு, மச்சான்!" என்றார் யாக்கோப். மானாப்பின் மனைவி ரொக்காயாவுக்குத் தம்பி அவர்.

மானாப்பின் கையிலிருந்த தட்டு சாய்ந்து ரெண்டாங் கறி பாயில் கொட்டியது. அதற்கும் சிரித்தார்கள். படத்தில் மாமனாரும் தட்டைக் கவிழ்ப்பார்.

நான் அடுத்த வீடு. முறுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள். தலை நரைக்கும்வரை ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவளுக்கு நடிப்பு எது, நரம்பு எது என்று தெரியும். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"பாக் மானாப், ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை மேலே போனது. வலது கைக்கு நான் சொன்னது கேட்கவே இல்லை.

"கைதட்டுறத நிறுத்துங்க. யாராவது வண்டிய எடுங்க."

"மிஸி, இன்னும் பாட்டு முடியலயே..." என்றார் யாக்கோப். நர்ஸ் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் நான் மிஸி.

"நீங்க எடுக்குறீங்களா, இல்ல நான் ஓட்டட்டுமா?"

நான் வண்டி ஓட்டும் விதம் எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதும் தெரிந்ததுதான். யாக்கோப் ஓடிப்போய்ச் சாவியை எடுத்துவந்தார்.

உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் பாதி போயின. பேச்சு முழுதும் போயிற்று.

பேச்சு போனது பெரிய நட்டமா என்று தாமானில் சிலர் கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை. மானாப் குடிநீர் இலாகாவில் மீட்டர் பார்க்கிறவராக இருந்தவர். வேலிக்கு அப்பால் நின்று "தண்ணி" என்பார். கதவு திறந்தால் குனிந்து பார்ப்பார், எழுதுவார், போவார். எங்கள் ஊர் பாரிட் புந்தாரில் பாதி வீட்டுக்காரர்கள் அவர் வாயிலிருந்து வேறு சொல்லைக் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். சொந்தமாகப் பேசச் சொன்னால் திணறுவார். ஆனால் 'பொத்தல் கொம்பாங்' வசனமாக இருந்தால் தடையே இல்லை. மகள் பரீட்சையில் தோற்று வந்தாள். படத்தில் சமையல்காரன் கரிந்த சோற்றைப் பார்த்துச் சொல்லும் வசனத்தைச் சொன்னார். மகள் சிரித்துவிட்டாள். மகன் ஸம்ரி வேலைக்காக ஜொகூருக்குப் பேருந்து ஏறினான். படத்தில் கழுதைக்கு விடை கொடுக்கும் வசனம். ஸம்ரி இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்க்காதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஊர்வலத்தில் கொம்பாங் பறை தட்டிப் பிழைக்கிற மூன்று ஓட்டாண்டிகள். மூவரின் பறையிலும் ஓட்டை. ஒரு பணக்கார வீட்டில் மாப்பிள்ளை ஓடிப்போகிறான். தொப்பி தலைக்குப் பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக மூவரில் ஒருவனைப் பிடித்து மாப்பிள்ளையாக உட்கார வைக்கிறார்கள். மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டாகவே மகளைக் கொடுக்கிறார்: "தந்தேன் தந்தேன் மகளைத் தந்தேன், தட்டும் தாரும் சேர்த்துத் தந்தேன்." அங்கே ஒரு மூச்சு இடைவெளி. உடனே கூட்டம் முழுவதும், "ஆடு எங்கே? ஆடு எங்கே?" மாமனார், "ஆட்டைத் தரமாட்டேன்!" மாப்பிள்ளை, "அப்போ பெண்ணே வேண்டாம், ஆடு போதும்!"

எழுதிப் பார்த்தால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்கும் தெரிகிறது. ஆனாலும் அந்தப் படம் வந்தபோது சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சிரிக்கிறார்கள். அதில் யாரும் சாவதில்லை. யாரும் திருந்துவதும் இல்லை. எல்லோருக்கும் எப்போதும் பசி. பாட்டுகள் ஏறி இறங்குவது கொஞ்சம்தான். மூச்சு வாங்குகிற நோயாளிகூடப் பாடிவிடலாம். பெற்ற மகனையே யாரென்று கேட்ட கிழவர்கள் வார்டில் "ஆடு எங்கே" வந்தால் சரியான இடத்தில் சேர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். சீனக் கிழவர், பஞ்சாபிக் கிழவர், எல்லோரும்தான்.

மானாப்பிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது படத்து வசனத்தைப் பிழையாகச் சொன்னால் பொறுக்காது. "தப்பு" என்பார். குரல் உயராது. பிறகு சரியானதைச் சொல்வார். இலாகா அதிகாரியின் பிரிவுபசாரத்தில் அந்த அதிகாரி மேடையில் ஒரு வசனத்தை எடுத்துவிட, கடைசி வரிசையிலிருந்து "தப்பு" என்று வந்தது. ரொக்காயாவைக் கட்டியதும் இதனால்தான். கல்யாணத்துக்கு முன் அவள் வேலியோரத்தில் துணி காயப்போட்டபடி அந்தப் பாட்டை முணுமுணுத்திருக்கிறாள். மீட்டரருகே குனிந்திருந்தவர் நிமிராமலே "தப்பு" என்றிருக்கிறார்.

"தண்ணி மீட்டர மாசத்துக்கு ஒருக்காத்தான் பாப்பாங்க மிஸி," என்று ரொக்காயா என்னிடம் சொல்லியிருக்கிறாள். "எங்க வீட்டு மீட்டர மட்டும் வாராவாரம் பாத்தாரு. எங்கப்பா குழாய்தான் ஒழுகுதுன்னு நெனச்சாரு."

மானாப் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காலை வேளைகளில் நான் போய்ப் பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடு. குளிப்பாட்ட, கைகால் அசைக்க, விழுங்கப் பழக்க. குடும்பம் பாசத்தோடு எல்லாவற்றையும் தப்பாகச் செய்துகொண்டிருந்தது. தண்ணீரை மடக் மடக்கென்று ஊற்றினார்கள். வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார்கள். யாக்கோப் தினமும் வந்து காதருகே குனிந்து உரக்கப் பேசினார்.

"அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு, யாக்கோப்."

"அப்ப ஏன் பதில் சொல்லல?"

"அதுக்கு முன்ன மட்டும் உங்களுக்குப் பதில் சொல்லிட்டா இருந்தாரு?"

ஒரு நாள் காலை முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சோப்புத் தேய்க்கும்போது நான் சும்மா அந்த மெட்டை முனகினேன். வேலை நேரத்தில் முனகுவது பழக்கம். "தந்தேன் தந்தேன்" என்று குரல் வந்தது. என் குரல் இல்லை. ஒரு வார்த்தை உடையாமல் "ஆட்டைத் தரமாட்டேன்" வரைக்கும் பாடி முடித்துவிட்டு, தானே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

ரொக்காயா கரண்டியோடு ஓடிவந்தாள். "அபாங்! பேச்சு வந்திருச்சா? என் பேரச் சொல்லுங்க!"

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"சரிதான்," என்றாள் ரொக்காயா. "இத்தன வருஷம் கூட இருந்தவ பேரு வராது. ஆடு வரும்."

இது அதிசயம் ஒன்றும் இல்லை. பேசுவது மூளையின் ஒரு பக்கம், பாடுவதில் மறுபக்கத்துக்கும் பங்கு உண்டு. அவருக்கு அடிபட்டது பேசும் பக்கம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணும் இதையே சொன்னாள். அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து என்று தேதியும் கொடுத்தாள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கடைசி மகள் லைலிக்கு வருடக் கடைசி விடுமுறையில் கல்யாணம். மாப்பிள்ளை பத்ருல், ஈப்போவில் பள்ளி ஆசிரியர். நிக்காஹில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளை மணமுடித்துத் தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தகப்பனால் முடியாவிட்டால் காஜியிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மூத்த பெண்கள் இருவரையும் மானாப் தானே கொடுத்திருந்தார். அவர் வாழ்க்கையில் படத்து வசனம் அல்லாத நீண்ட வாக்கியம் என்று பார்த்தால் அந்த இரண்டும்தான்.

காஜி ஹாஜி தர்மிஸி வீட்டுக்கே வந்தார். நேர்மையான மனிதர். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர்.

"பாக் மானாப், பொறுப்ப எங்கிட்ட விட்டுருங்க. சரின்னு தலையாட்டுனா போதும்."

மானாப் தலையை ஆட்டினார். சரி என்று இல்லை.

"அபாங், புடிவாதம் வேணாம்," என்றாள் ரொக்காயா.

மறுபடியும் அதே ஆட்டம். லைலி தட்டில் தேநீரோடு நின்றாள். தகப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நீங்களே சொல்றதுன்னா ஒரு கேள்வி," என்றார் காஜி. "உங்க மக பேரென்ன?"

மானாப் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வியர்த்தது. கடைசியில் வெளியே வந்தது தெளிவாகவே வந்தது: "ஆடு."

லைலி தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"புத்தி தெளிவாத்தான் இருக்கு, ஹாஜி," என்றேன். "சொல்லு மட்டும்தான் மாறி வருது. வேண்டாம்னா வேண்டாம்னு ஒழுங்காத்தானே தலையாட்டுறாரு."

"வேண்டாம்னு தலையாட்ட என் பேரனுக்கும் தெரியும் மிஸி. அவனுக்கு ரெண்டு வயசு." காஜி தேநீரை முழுதும் குடித்தார். "எனக்கு அவர் மேல கோவமில்ல. ஆனா என்ன சொல்றோம்னு தெரிஞ்சு சொல்றாருன்னு நான் நிச்சயமா நம்பணும். இல்லேன்னா உரிம மகனுக்குப் போகும். அன்னிக்கி வந்து பாக்குறேன். வாயால சொன்னா அவரே கொடுக்கட்டும். ஆடு மாடுன்னு எதாவது வந்துச்சுன்னா ஸம்ரி கொடுக்கட்டும்."

அன்று சாயங்காலம் துணி மடித்தபடி லைலி என்னிடம் சொன்னாள். "அண்ணன் கொடுத்தா என்ன மிஸி. எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா?"

அவள் ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினோம். செய்தது இவ்வளவுதான். படத்துப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டோம். சொற்களைக் கழற்றிவிட்டு நிக்காஹ் சொற்களை மாட்டினோம். முதலில் மெட்டு மட்டும், அவருடைய இடது கையைப் பிடித்துத் தொடையில் தட்டிக்கொண்டு. பிறகு என்னோடு சேர்ந்து. பிறகு நான் பாதியில் நிறுத்த, மீதியை அவர். "பத்ருல் பின் ஹஸ்னான், என் மகள் நோர்லைலியை, மஹர் ரொக்கமாக, உனக்கு மணமுடித்துத் தந்தேன்." மஹர் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருகிற பணம். மகளின் பெயர் வர மூன்று வாரம் பிடித்தது. மெட்டில் அந்த இடம் மேலே ஏறும். படத்தில் அங்கே 'மகளை' என்று வரும். அதனால்தான் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். முதல் முறை பெயர் வந்தபோது அவர் அழுதார். வாதம் வந்தவர்களுக்கு அழுகை சீக்கிரம் வரும், அதுவும் நோயின் ஒரு பகுதிதான். மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தோம்.

பெயர் வந்தது, மாப்பிள்ளை வந்தார், மஹர் வந்தது. ஆட்டைத்தான் விரட்ட முடியவில்லை. "தந்தேன்" என்று முடித்ததும் ஒரு மூச்சு விடுவார், உடனே "ஆட்டைத் தரமாட்டேன்!" என்பார். முகத்தில் அடித்துக்கொள்வார், இடது கையால்.

"ஒண்ணு செய்யலாமா மிஸி?" என்றாள் ரொக்காயா. "நெசமாவே ஒரு ஆடு வாங்கி வாசல்ல கட்டிருவோம். தரமாட்டேன்னு சொன்னா, சரி, அவர் ஆடு, அவர் தரல. அதுல பொய்யொண்ணும் இல்லயே."

"ஹாஜி தர்மிஸி ஒத்துக்குவாரா?"

"கேட்டுப் பாக்கவா?"

"வேணாம்."

கடைசியில் மூச்சுதான் வழி காட்டியது. அந்த இடைவெளிதான் ஆடு நுழைகிற கதவு. "தந்தேன்" முடிந்த அந்த நொடியில் வாயை இறுக்க மூடி மூக்கால் மூச்சு இழுக்கப் பழக்கினேன். நெஞ்சுச் சளிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வித்தை. பத்து நாளில் ஆடு வெளியே நின்றது. மெட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கினோம். கல்யாணத்துக்கு முந்திய வாரம் கேட்டால் பாட்டு மாதிரி இருக்காது. மெதுவாக, ராகம் போட்டு ஓதுகிற மாதிரி இருக்கும். தெரிந்தவர்களுக்கு மட்டும் அடியில் அந்த மெட்டு கேட்கும்.

பாரிட் புந்தாரில் எல்லோருமே தெரிந்தவர்கள். அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று கூடத்தில் இடமில்லை. முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள், வாசலில் கொம்பாங் பையன்கள் பறைகளை மடியில் வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை பத்ருல் மஞ்சள் பட்டில், மெத்தையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். எதிரே மானாப்பை நாற்காலியில் உட்கார வைத்தோம். பச்சைச் சட்டை, கறுப்புத் தொப்பி. வலது முழங்கைக்கு அடியில் தலையணை கொடுத்தேன். பக்கத்தில் காஜி. சாட்சிகள் இரண்டு பேர், ஒருவர் யாக்கோப். ஸம்ரி சுவரோரம் நின்று, தன் முறை வந்துவிடுமோ என்ற பயத்தில் உதட்டுக்குள் வாசகத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். லைலி சீர்த் தட்டுகளுக்கு நடுவே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று தோன்றவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தகப்பன் வாசகத்தை முடிக்கும்போது, பிடித்திருக்கிற மாப்பிள்ளையின் கையை ஒரு வெட்டு வெட்டிக் குலுக்குவார். அதுதான் அடையாளம். உடனே, இடைவெளி விடாமல் மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். குலுக்கல் கைக்கு வந்ததும் வாய் தானாகத் திறக்கும். பத்ருலும் ஈப்போவில் நண்பர்களோடு அப்படித்தான் பயிற்சி எடுத்திருந்தார்.

மானாப்பின் வலது கையில் குலுக்க வலு இல்லை. சொற்களையெல்லாம் பழக்கினேன். கையை மறந்துபோனேன்.

காஜி தலையசைத்தார். மானாப் இடது கையால் தொடையில் மெல்லத் தட்டத் தொடங்கினார். அறையில் விசிறிச் சத்தம்கூடக் கேட்டது.

"பத்ருல் பின் ஹஸ்னான்... என் மகள் நோர்லைலியை... மஹர் ரொக்கமாக... உனக்கு... மணமுடித்துத் தந்தேன்."

சுத்தமாக வந்தது. வாயை இறுக்க மூடினார். மூக்கால் மூச்சு இழுத்தார்.

பத்ருல் குலுக்கலுக்காகக் காத்திருந்தார். குலுக்கல் வரவில்லை. ஒரு மூச்சு அளவு மௌனம். படத்தில் இருக்கிற அதே அளவு மௌனம்.

"ஆடு எங்கே? ஆடு எங்கே?"

வாசலில் கொம்பாங் பையன்கள் ஆரம்பித்தார்களா, பின்னாலிருந்த பெண்களா என்று இன்றுவரை முடிவாகவில்லை. அறை முழுவதும் கேட்டது. குழந்தைகள் கேட்டன. ரொக்காயாவும் கேட்டாள், நான் பார்த்தேன். ஹாஜி தர்மிஸியின் உதடுகளும் அசைந்தன. அவர் அதை மறுக்கிறார். பறையில் எவனோ இரண்டு தட்டும் தட்டிவிட்டான்.

பத்ருல் மிரண்டுபோய், ஒரே மூச்சில், "நோர்லைலியை ஆட்டோடு ஏற்றுக்கொண்டேன்!" என்றார்.

"செல்லும்!" என்றார் யாக்கோப், சாட்சி என்ற முறையில்.

"என்ன செல்லும்?" காஜி திரும்பினார். "ஆடா?"

அதற்கப்புறம்தான் அறைக்கு உறைத்தது. சிரிப்பு தொடங்கி, பாதியில் செத்தது. எல்லோரும் மானாப்பைப் பார்த்தார்கள். மனிதர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் மாதக்கணக்கில் பாடுபட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த ஆட்டை ஊரே சேர்ந்து உள்ளே தள்ளிவிட்டது. நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவ முடியுமா மிஸி?" என்று காஜி தணிந்த குரலில் கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன். தெரியாதபோது அப்படித்தான் சொல்ல வேண்டும். அசதியில் சொற்கள் முதலில் போகும்.

"தம்பி ஸம்ரி," என்று காஜி கையசைத்தார். "கிட்ட வா."

ஸம்ரி ஓரடி வைத்தான். லைலி தலையைத் தூக்கினாள்.

"தப்பு."

மெல்லிய குரல். உயரவில்லை. மெட்டும் இல்லை, தாளமும் இல்லை. இடது கை தொடையில் சும்மா கிடந்தது. மானாப் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் காஜி.

"தப்பு," என்றார் மறுபடியும். பத்ருலை நோக்கித் தாடையை நீட்டினார். ஒவ்வொரு சொல்லாகத் தோண்டி எடுத்தார். "ஆட்டோடு... இல்ல. பெண்ணே... வேண்டாம். ஆடு... போதும்."

ரொக்காயா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்; சிரிப்பா அழுகையா என்று நான் ஆராயவில்லை.

பத்ருல் மெத்தையில் முன்னால் நகர்ந்தார். "மாமா, அத நான் எப்படி இங்க சொல்ல முடியும்?"

"சொல்லாம இருந்தியே, அல்லாவுக்கு நன்றி," என்றார் காஜி. பிறகு மானாப்பின் பக்கம் குனிந்தார். "பாக் மானாப். மாப்பிள்ள சொன்னது படத்து வசனம்னு உங்களுக்குத் தெரியுது."

தலையசைத்தார்.

"அதையும் பிழையாச் சொன்னாருன்னு தெரியுது."

வேகமாகத் தலையசைத்தார்.

"நீங்க முன்னாடி சொன்னது படம் இல்ல. நிக்காஹ்."

மானாப் லைலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காஜியைப் பார்த்து, ஒரு முறை, நிதானமாகத் தலையசைத்தார்.

காஜி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஸம்ரி, நீ உக்காரு. இவருக்குப் புத்தி தெளிவா இருக்கு. இந்த அறையில இவரு ஒருத்தருக்குத்தான் இருக்கு." வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பறைய எல்லாம் கீழ வைங்க. இனிமே ஆட்டப் பத்தி எவனாவது வாயத் தொறந்தா அவன் சாப்பாட்டுக்கு இருக்க வேணாம்."

பிரியாணியின் வாசனை அப்போது கூடம்வரை வந்திருந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் உண்மையாகவே கையால் மூடிக்கொண்டார்கள்.

நான் மானாப்பின் தலையணையைச் சரிசெய்து, குலுக்கிக் கொடுக்க அவர் வலது கைக்கு மேல் என் கையை வைத்துக்கொள்ளலாமா என்று காஜியைக் கேட்டேன். ஸம்ரி வைக்கட்டும் என்றார். அப்படியே ஸம்ரி தகப்பன் கையைத் தன் கையால் மூடிக்கொண்டான். கழுதை வசனத்துக்குப் பிறகு அவன் அவ்வளவு அருகே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை முதல் தடவை மாதிரி இல்லை. நடுவில் 'ரொக்கமாக' தடுக்கியது, மறுபடியும் பிடித்துக்கொண்டார். மகளின் பெயர் தடுக்கவில்லை. "தந்தேன்" என்றதும் ஸம்ரி கையை ஒரு வெட்டு வெட்டினான். பத்ருல் கிட்டத்தட்ட மெத்தையிலிருந்து எழும்பிவிட்டார்.

"நோர்லைலியை, மஹர் ரொக்கமாக, ஏற்றுக்கொண்டேன்!"

காஜி சாட்சிகளைப் பார்த்தார். யாக்கோப் இந்த முறை நன்றாக யோசித்துவிட்டு, "செல்லும்" என்றார்.

லைலி வந்து தகப்பன் கையை முத்தமிட்டாள். வலது கையை. உணர்ச்சியே இல்லாத கை அது. நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'தண்ணி' வந்தது. 'வலி' வந்தது. ரொக்காயாவின் பெயர் அடுத்த வருடம்தான் வந்தது. அவள் குழம்பில் உப்புப் போட மறந்த நாளில். லைலியும் பத்ருலும் பெருநாளுக்கு ஈப்போவிலிருந்து வருவார்கள். பத்ருல் படத்தை முதலிலிருந்து கடைசிவரை மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, இப்போது வசனங்களை ஓரளவு சரியாகச் சொல்கிறார்.

வாய் கோணுகிற காட்சி வரும்போது மானாப் இன்னமும் எழுந்து நிற்பார், தடியை ஊன்றிக்கொண்டு. யாரும் உடனே கைதட்டுவதில்லை. யாக்கோப் முன்னால் வந்து, "மச்சான், ரெண்டு கையையும் தூக்கு பாப்போம்" என்பார். தடியை ஸம்ரியிடம் கொடுத்துவிட்டுத் தூக்குவார். இடது கை முழுதாக, வலது கை தோள்வரை. சரி என்று நான் தலையசைத்த பிறகுதான் கைதட்டுகிறார்கள்.